எகிப்தியப் பெண் முகம், 64 கட்டத்துக்குள்: தங்கத்தைக் குறையுங்கள், கண்ணைப் பெரிதாக்குங்கள்

கேள்வி: நண்பர்கள் சேர்ந்து செய்யும் ஒரு கேமுக்காகப் பழங்கால எகிப்துப் பெண் ஒருத்தியின் முகத்தை 64×64 அளவில் பிக்சல் ஆர்ட்டாக வரைந்துகொண்டிருக்கிறேன். கதைப்படி அவள் தீப்ஸ் நகரத்து எழுத்தர் ஒருவரின் மனைவி. கோடு போட்ட தலைத்துணி, நெற்றியில் நாகம், தங்கம் என்று எல்லாம் போட்டும் மாறுவேடப் போட்டிக்கு வந்த பிள்ளை மாதிரிதான் இருக்கிறது. மை தீட்டினால் கண்ணே காணாமல் போய்க் கறுப்புத் திட்டு ஆகிவிடுகிறது. தோலுக்கு எந்த நிறம் கொடுப்பது? ஒருவர் ‘அசல் எகிப்திய கலர் பேலட்’ என்று 1,500 ரூபாய் கேட்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். மற்றதையெல்லாம் பிறகு பார்ப்போம், முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும். கலர் பேலட் என்பது எந்தெந்த நிறங்கள் என்று குறிக்கும் வெறும் எண்கள். லோஸ்பெக் தளத்தில் ஆயிரக்கணக்கான பேலட்கள் இலவசமாகக் கிடக்கின்றன. அவற்றில் நாலைந்தை எடுத்துப் பெயர் மாற்றி, ஒரு பிரமிடு படத்தை மேலே ஒட்டி விற்கிறார்கள். புதிதாக வரைய வருகிறவர்களிடம்தான் இந்த வியாபாரம் நடக்கிறது என்பது எனக்குத் தாங்கவே முடியாத விஷயம்.

எகிப்திய ஓவியரிடம் இருந்த நிறங்களே கொஞ்சம்தான். கரியிலிருந்து கறுப்பு. சுண்ணாம்பு அல்லது ஜிப்சத்திலிருந்து வெள்ளை. காவி மண்ணிலிருந்து சிவப்பும் மஞ்சளும். மணல், சுண்ணாம்பு, செம்புத் தாது சேர்த்துச் சூளையில் சுட்ட நீலம். செம்பிலிருந்தே பச்சை. இதற்கு யாருக்கும் பணம் கொடுக்க வேண்டாம், நான் தருகிறேன், எழுதிக்கொள்ளுங்கள். சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில்: கறுப்புக்கு 35, 28, 26. வெள்ளைக்கு 238, 230, 210. காவிச் சிவப்புக்கு 150, 70, 45. காவி மஞ்சளுக்கு 215, 165, 85. நீலத்துக்கு 45, 95, 150. பச்சைக்கு 75, 130, 95. இவை நான் கண்ணால் பார்த்துத் தேர்ந்த எண்கள், உங்கள் திரைக்கு ஏற்பக் கொஞ்சம் முன்பின் நகர்த்தலாம். தோலுக்கு இரண்டும் கண்ணின் கீழ்க்கோட்டுக்கு ஓர் அடர் பழுப்பும் சேர்த்தால் மொத்தம் 9. இந்த அளவுப் படத்துக்கு இதற்குமேல் தேவையில்லை.

இப்போது உடை. கோடு போட்ட அந்தத் தலைத்துணிக்கு நெமெஸ் என்று பெயர். அது அரசராக ஆண்டவர்களுக்கு உரியது. ஹத்செப்சுத் என்ற பெண் அணிந்தாரே என்றால், அவர் அரசராகவே முடிசூடி ஆண்டவர். நெற்றி நாகமும் அரச குடும்பத்துக்கும் தெய்வங்களுக்கும் உரியது. எழுத்தரின் மனைவிக்கு இரண்டும் கிடையாது. எல்லோர் மனதிலும் 1922ல் கண்டுபிடித்த கல்லறையிலிருந்து வந்த துட்டன்காமனின் தங்க முகமூடிதான் இருக்கிறது. நீங்கள் வரைந்ததும் அதைத்தான். அது இறந்துபோன அரசனின் மம்மிமேல் வைத்த, 10 கிலோவுக்கு மேல் எடையுள்ள உலோகப் பொருள். உயிரோடு நடமாடிய ஒருவரின் முகம் அப்படி இருந்திருக்காது. மாறுவேடம் மாதிரி தெரிவதற்குக் காரணம் உங்கள் கை இல்லை, பார்த்து வரைந்த மாதிரிதான்.

அவளுக்கு வேண்டியது இவ்வளவுதான்: தோளுக்குக் கீழே இறங்கும் கனத்த பொய்முடி, அதைச் சுற்றி ஒரு பட்டை, நெற்றிக்கு மேல் ஒரு தாமரை மொட்டு, கழுத்தைச் சுற்றி மணிகள் கோத்த அகலமான கழுத்தணி, வெள்ளை லினன். பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் நெபாமுன் கல்லறை ஓவியங்களில் விருந்துக்கு வந்த பெண்களைப் பாருங்கள். கி.மு. 1350 வாக்கில் தீப்ஸில் வரைந்தவை. உங்கள் கதாபாத்திரத்தின் அக்கம்பக்கத்து வீட்டுப் பெண்கள் என்றே வைத்துக்கொள்ளலாம்.

பொய்முடியை ஒவ்வொரு இழையாக வரையாதீர்கள். ஒரே கறுப்புப் பரப்பாக நிரப்பி, மூன்று பிக்சலுக்கு ஒரு முறை அடர் பழுப்பில் செங்குத்தாக ஒரு கோடு. நுனியில் மட்டும் ஒரு பிக்சல் விட்டு ஒரு பிக்சல் வைத்தால் பின்னல் தெரியும். கழுத்தணிக்கு நீலம், சிவப்பு, பச்சை என மூன்று வளைவுகள், ஒவ்வொன்றும் 2 பிக்சல் தடிமன். தங்கம் வேண்டுமென்றால் காவி மஞ்சள் போதும். பளபளப்பு காட்ட ஒரே ஒரு வெள்ளைப் பிக்சல் வையுங்கள். அதற்குமேல் வைத்தால் மறுபடியும் முகமூடிக்கே போய்விடும்.

முகத்தின் அளவுக்கு எகிப்தியர்களே வழி வைத்திருக்கிறார்கள். அவர்கள் காவியில் தோய்த்த நூலை இழுத்து அடித்துக் கட்டம் போட்டுத்தான் உருவம் வரைந்தார்கள். நிற்கும் உருவத்துக்குப் பாதத்திலிருந்து நெற்றியில் முடி தொடங்கும் இடம் வரை 18 கட்டம். மேலிருந்து வந்தால் ஒரு கட்டம் இறங்கியதும் மூக்கின் அடி, இன்னொரு கட்டம் இறங்கியதும் கழுத்தும் தோளும் சேரும் இடம். இது உங்களுக்கு அப்படியே உதவும். மேலே பொய்முடிக்கு 10 வரிசை விடுங்கள். அங்கிருந்து மூக்கின் அடி வரை 16 வரிசை, மூக்கின் அடியிலிருந்து தோள் வரை 16 வரிசை. மீதி 22 வரிசை தோளுக்கும் கழுத்தணிக்கும். இதைப் போட்டாலே முகம் பாதி எகிப்துக்கு வந்துவிடும்.

முகம் பக்கவாட்டில் இருக்கட்டும். கண் மட்டும் நேராகப் பார்ப்பதுபோல் முழுதாக வரட்டும். அந்தக் கலையின் அடையாளமே அதுதான், உங்கள் மைப் பிரச்சினைக்கு மருந்தும் அதுவே. கண்ணைச் சின்னதாக வைத்துக்கொண்டு மேலும் கீழும் கறுப்புக் கோடு போட்டால் உள்ளே வெள்ளைக்கு இடம் எங்கே இருக்கும்? முடி தொடங்கும் வரியிலிருந்து 4 வரிசை இறங்கிப் புருவம், ஒரு பிக்சல் தடிமன். அதன்கீழ் 2 வரிசை தோல், இதை எந்தக் காரணத்துக்காகவும் நிரப்பாதீர்கள். பிறகு மேல் இமைக்கு ஒரு வரிசை கறுப்பு, கண்ணுக்குள் 2 வரிசை வெள்ளை, கீழ் இமைக்கு ஒரு வரிசை. இந்தக் கீழ்க்கோடு கறுப்பாக இருக்கக் கூடாது, அடர் பழுப்பு. கண்ணின் நீளம் 8 பிக்சல். கருவிழி 3 பிக்சல் அகலம், மேல் இமையோடு ஒட்டியிருக்க வேண்டும். மூக்குப் பக்கத்து முனையை ஒரு பிக்சல் கீழே இறக்குங்கள். காதுப் பக்கத்து முனையிலிருந்து 5 பிக்சலுக்கு நேர்கோடு இழுங்கள், அதுதான் மையின் வால். புருவத்தின் வாலும் அதற்கு இணையாக ஓடட்டும், இரண்டும் தொடக் கூடாது. கன்னத்தில் சுருளாக இறங்கும் கோட்டைப் போடாதீர்கள். அது ஹோரஸ் கண் என்ற காப்புச் சின்னத்தில் வருவது, பெண்கள் தீட்டிக்கொண்ட மையில் வருவதில்லை.

நெற்றியிலிருந்து மூக்கு நுனி வரையிலான விளிம்பு இன்னொரு இடறல். சாய்கோடு படிக்கட்டுபோல்தான் இறங்கும், அந்தப் படிகளின் நீளம் 4, 3, 3, 2 பிக்சல் என்று சீராகக் குறைய வேண்டும். 4, 1, 3, 2 என்று போனால் மூக்கில் எலும்பு உடைந்த மாதிரி தெரியும். உதடு சின்னதாக இருந்தால் போதும்.

தோல் நிறத்துக்கு வருகிறேன். ஆணுக்குச் செங்காவி, பெண்ணுக்கு வெளிர் மஞ்சள் என்பது பழைய மரபு. அது வரைபவர்களின் வழக்கமே தவிர, தோலைப் பார்த்து எழுதிய சாட்சி இல்லை. உங்கள் படத்தின் காலத்தில் பெண்களுக்கும் பழுப்பு கலந்த நிறங்கள் வந்துவிட்டன. 190, 125, 75 என்று ஒரு தோல் நிறம் எடுங்கள், தாடைக்குக் கீழும் கழுத்திலும் மட்டும் 160, 98, 60. விளிம்பிலிருந்து நடுவுக்கு வெளிச்சமாக்கிக்கொண்டே போகும் அந்த நிழல் முறை வேண்டாம், முகம் ஊதிப் போகும்.

ஒரே ஒரு இடத்தில் நான் சொன்னது எல்லாமே மாறும். அதை விட்டுவிட்டால் ஒரு மாதம் கழித்து யாராவது ஒரு படத்தைக் காட்டி உங்களைக் குழப்புவார்கள், அதனால் விரிவாகவே சொல்கிறேன். உங்கள் கேமில் உரையாடல் பெட்டிக்கு நேராகப் பார்க்கும் முகம்தான் வேண்டும் என்று நண்பர்கள் பிடிவாதம் பிடிக்கலாம். அப்போது கதையின் காலத்தை ரோமானியர் ஆண்ட எகிப்துக்கு, அதாவது கி.பி. 1 முதல் 3ஆம் நூற்றாண்டுக்கு, மாற்ற முடியுமா என்று கேளுங்கள். அந்தக் காலத்தில் மம்மியின் முகத்தின்மேல் வைக்க மரப்பலகையில் முகம் வரையும் வழக்கம் இருந்தது. ஃபயூம் ஓவியங்கள் என்கிறோம். 1888 வாக்கில் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி என்ற தொல்லியலாளர் எகிப்தின் ஹவாராவில் தோண்டியபோது நிறையக் கிடைத்தன. மெழுகில் வண்ணம் கலந்து தீட்டிய பல முகங்கள் இன்றும் நேற்று வரைந்ததுபோல் இருக்கும். கிட்டத்தட்ட நேராகவோ முக்கால் பக்கமாகவோ பார்க்கும், பெரிய ஈரமான கண்கள், மூக்கின் ஒரு பக்கம் நிழல், நெற்றியில் வெளிச்சம். இங்கே நிழல் தீட்டலாம், தீட்டியே ஆக வேண்டும். தோலுக்கு நாலு படி நிறம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் இங்கே பொய்முடி வராது, தாமரை வராது, நீண்ட மை வால் வராது. தலைமுடி ரோமாபுரியின் அப்போதைய மோஸ்தரில் இருக்கும், காதில் முத்துத் தொங்கும். முடி அலங்காரத்தை வைத்தே ஆராய்ச்சியாளர்கள் படத்தின் காலத்தைக் கணிக்கிறார்கள். ஆக ஃபயூம் முகத்தை எடுத்து அதற்குத் தீப்ஸ் பொய்முடி மாட்டினால் ஆயிரத்து நானூறு வருடத்தை ஒரே தலையில் ஒட்டியதாகிவிடும். இரண்டில் ஒன்று.

அப்புறம், உங்களுக்கு இன்னும் வராத, ஆனால் நிச்சயம் வரப்போகும் ஆசை ஒன்று: ஒரு போட்டோவையோ ஏஐ படத்தையோ ‘பிக்சல் ஆக்கும்’ கருவி. தயவுசெய்து வேண்டாம். அந்தக் கருவிக்குக் கண் எது, மை எது என்று தெரியாது, சராசரி எடுத்து நிரப்பிவிடும். நீங்கள் பட்ட அதே கறுப்புத் திட்டுதான் வரும். ஏஐ உருவாக்கிய ‘பிக்சல் ஆர்ட்’ பலவற்றைப் பெரிதாக்கிப் பாருங்கள், ஒரு கட்டம் 7 புள்ளி அகலம், பக்கத்துக் கட்டம் 9 இருக்கும். கேமில் போட்டால் அசையும்போது விளிம்பு நடுங்கும். இதையே கையால் வரைந்தது என்று விற்கும் இடைத்தரகர்கள் இருக்கிறார்கள். 64×64 மூலக் கோப்பைக் கேளுங்கள், பேச்சு நின்றுவிடும். வரைவதற்கு பிக்சலோரமா, லிப்ரெஸ்பிரைட் இரண்டுமே இலவசம், போதும்.

மாதிரிப் படத்துக்கு இணையத்தில் சுற்றும் பப்பைரஸ் ஓவியங்களை நம்பாதீர்கள். சுற்றுலாக் கடைகளில் விற்பவை பல, வாழை நாரில் அச்சடித்தவை. நியூயார்க் மெட் மியூசியம் 2017லிருந்து காப்புரிமை இல்லாத தன் படங்களை யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டிருக்கிறது. அங்கே நினா டி காரிஸ் டேவிஸ் என்ற ஓவியர் தீப்ஸ் கல்லறைகளில் உட்கார்ந்து வண்ணத்தில் எடுத்த நகல்களைத் தேடுங்கள். நிறங்கள் தட்டையாக, தெளிவாக இருக்கும். எல்லா மியூசியமும் இப்படி இல்லை. பெர்லினில் உள்ள எகிப்திய அரசி நெஃபெர்டிட்டியின் சிலையின் முப்பரிமாண ஸ்கேனை, ஒரு கலைஞர் பல வருடம் விடாமல் சட்டப்படி கேட்ட பிறகு, 2019ல்தான் வெளியே கொடுத்தார்கள். அதிலும் வணிகத்துக்குக் கூடாது என்று நிபந்தனை. 3,300 வருடம் முன்பு செய்த சிலைக்கு!

சேமிக்கும்போது பிஎன்ஜி. பெரிதாக்கும்போது முழு எண் மடங்கு, நிறங்களைக் கலக்காமல் ஒவ்வொரு பிக்சலையும் அப்படியே பெரிதாக்கும் ‘நியரஸ்ட் நெய்பர்’ முறை. 64ஐ 640 ஆக்கலாம், 500 ஆக்கக் கூடாது. சில போட்டிகளின் விண்ணப்பப் படிவங்கள் 300 டிபிஐ (அச்சில் ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி), ஜேபெக் மட்டும் என்று அடம்பிடிக்கின்றன. 64×64 படத்துக்கு டிபிஐ என்ன இருக்கிறது? படிவத்தைத் தயாரித்தவர் பிக்சல் ஆர்ட்டை ஒருநாளும் பார்த்திருக்க மாட்டார், மின்னஞ்சல் எழுதிக் கேட்டாலும் பதில் வராது. வேறு வழியில்லாவிட்டால் 8 அங்குல அச்சுக்கு 38 மடங்கு ஆக்கி 2,432 பிக்சலில், உச்சத் தரத்தில் ஜேபெக்காகக் கொடுங்கள். ஆர்டர் பிடித்துத் தருகிறேன் என்று வருபவர்களுக்கும் இதே பெரிய படம்தான், ஓரத்தில் உங்கள் பெயரோடு. லேயர் உள்ள மூலக் கோப்பு பணம் கைக்கு வந்த பிறகுதான்.

கேமில் அவள் இருபக்கமும் திரும்ப வேண்டியிருந்தால் படத்தை அப்படியே கண்ணாடிபோல் திருப்பிக்கொள்ளலாம், எகிப்திய ஓவியத்தில் அது தப்பில்லை. பின்னணியில் சித்திர எழுத்து வைத்திருந்தால் அதையும் சேர்த்தே திருப்புங்கள். அதில் உள்ள பறவைகளும் மனிதர்களும் வரி தொடங்கும் பக்கத்தைப் பார்த்துத்தான் நிற்கும்.