மாத்திரை போட்டால் அவிசுவாசமா? – கடிதம்

ஐயா,

அப்பா இறந்ததிலிருந்து அம்மாவுக்கு மனச்சோர்வு. மாத்திரை சாப்பிட்டு வந்தார். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்குப் போய்வந்தால் அன்று நன்றாகத் தூங்குவார். போன வாரம் அங்கே ஜெபித்த ஒருவர் “மாத்திரை போடுவது அவிசுவாசம்” என்று சொல்ல, நிறுத்திவிட்டார். இப்போது தலைசுற்றல், படபடப்பு, தூக்கமில்லை. ஜெபமே ஏமாற்று என்று அண்ணன் சத்தம் போடுகிறான். நான் யார் பக்கம் நிற்பது?

– ஒரு வாசகி, கடலூர் முதுநகர்

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அவசரமானது. மனச்சோர்வு மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் சில நாட்களிலேயே நீங்கள் சொல்லும் தொந்தரவுகள் வரலாம். அதனால்தான் மருத்துவர்கள் அளவைச் சிறுகச் சிறுகக் குறைக்கிறார்கள். இதில் பிசாசும் இல்லை, விசுவாசக் குறைவும் இல்லை. நாளைக்கே அம்மாவை அதே டாக்டரிடம் கூட்டிப்போங்கள். உயிரை வெறுத்துப் பேசினால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணை இரவிலும் அழைக்கலாம்.

அண்ணனிடம் சொல்லுங்கள், அம்மா தூங்கியது பொய்யில்லை. அடக்கம் முடிந்ததும் சொந்தபந்தம் கலைந்துவிடுகிறது. அதன்பிறகு கணவனை இழந்தவளின் தலையில் கைவைத்து, பெயர் சொல்லி ஜெபித்து, அவளை அழவிட்டு, கூடவே அழுகிறவர்கள் அந்த ஜெபக்குழுவில்தான் இருக்கிறார்கள். அதைப் பறித்துவிடாதீர்கள்.

ஆனால் மனச்சோர்வில் இருப்பவர் ஏற்கெனவே எல்லாவற்றுக்கும் தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருப்பார். அவரிடம் போய் ‘உனக்கு விசுவாசம் போதாது’ என்பதைக் கொடுமை என்றே சொல்வேன். வேதத்திலும் அதற்கு இடமில்லை. சூரைச்செடியின் கீழ் சாவைக் கேட்டுப் படுத்த எலியா தீர்க்கதரிசியைத் தேவதூதன் கடிந்துகொள்ளவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். எலியா சாப்பிட்டு மறுபடி தூங்கினார். 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது, அதுவும் ஜெபம்தான். வியாதிக்காரருக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொல்லும் யாக்கோபின் நிருபமும் மருந்தை விடச் சொல்லவில்லை.

அற்புத சுகத்தை நம்புகிற இடத்திலும் மருத்துவரை ஒதுக்குவதில்லை. புதுச்சேரி பக்கத்து வில்லியனூர் லூர்து மாதா கோயிலுக்கு மதம் பாராமல் போகிறோம். பிரான்சில் உள்ள மூல லூர்திலோ, குணமானதாகச் சொல்லி வருகிறவர்களின் சிகிச்சைக் குறிப்புகளை ஆராய 1883 முதல் மருத்துவர்களின் அலுவலகமே இருக்கிறது. ஆயிரக்கணக்கானோர் சாட்சி சொல்லியும் திருச்சபை அற்புதமென்று அறிவித்தது 70ஐ ஒட்டியே.

ஆகவே டாக்டர் சீட்டைப் பாஸ்டரிடம் காட்டி, ‘இந்த மருந்து அம்மாவுக்குப் பலிக்க ஜெபியுங்கள்’ என்று கேளுங்கள். அவர் மறுத்தால் வேறு ஜெபக்குழு பாருங்கள். ஒரு வெள்ளிக்கிழமை அம்மாவுக்குத் துணையாக அண்ணனும் போய் உட்காரட்டும்.