பழைய டிஸ்க்குகளும் புதிய கணினியும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: 3.5 அங்குல ஃபிளாப்பி டிஸ்க்குகளைப் படிப்பதற்காக யுஎஸ்பி ஃபிளாப்பி டிரைவ் ஒன்றை வாங்கினேன். சில டிஸ்க்குகள் உடனே திறக்கின்றன. வேறு சிலவற்றைச் செருகினால், ஃபார்மேட் செய்ய வேண்டுமா என்று விண்டோஸ் கேட்கிறது. அவற்றைத் தூக்கி எறிந்துவிடலாமா? 5.25 அங்குல டிஸ்க்குகளும் என்னிடம் உள்ளன.

பதில்: எறிய வேண்டாம், விண்டோஸ் கேட்கும் அந்தக் கேள்விக்குச் சம்மதமும் தெரிவிக்க வேண்டாம். கெட்டுப்போன டிஸ்க்கும், தனக்குத் தெரியாத முறையில் எழுதப்பட்ட நல்ல டிஸ்க்கும் விண்டோஸுக்கு ஒன்றாகவே தெரியும். யுஎஸ்பி ஃபிளாப்பி டிரைவுகள் பெரும்பாலும் ஐபிஎம் வகைக் கணினிகளின் 1.44 எம்பி, 720 கேபி டிஸ்க்குகளுக்காகவே செய்யப்பட்டவை. அமிகா கணினியின் 880 கேபி டிஸ்க்கும், பழைய மெக்கின்டாஷின் 800 கேபி டிஸ்க்கும் வெளித்தோற்றத்தில் அதே 3.5 அங்குல டிஸ்க்தான். ஆனால் அமிகா ஒவ்வொரு தடத்தையும் (டிஸ்க்கில் தரவு எழுதப்படும் வட்டப் பாதை) தனக்கே உரிய வகையில் எழுதியது. மெக்கின்டாஷோ வெளித்தடங்களில் மெதுவாகவும் உள்தடங்களில் வேகமாகவும் டிஸ்க்கைச் சுழற்றி எழுதியது. யுஎஸ்பி டிரைவுக்குள் இருக்கும் சில்லு தனக்குப் புரிந்த செக்டர்களை (தடத்தின் சிறு துண்டுகளை) மட்டுமே கணினிக்கு அனுப்பும் என்பதால், கணினியில் எந்த மென்பொருளை நிறுவினாலும் இந்தக் குறை தீராது.

இதற்கு வழி, பழைய மேசைக் கணினிகளுக்குள் இருந்த, 34 ஊசி கேபிளில் இணையும் ஃபிளாப்பி டிரைவைத் தேடி எடுத்து, அதைக் கிரீஸ்வீசில் அல்லது கிரையோஃப்ளக்ஸ் போன்ற சிறிய கன்ட்ரோலர் பலகை வழியாக யுஎஸ்பியில் இணைப்பதுதான். இப்பலகைகள் டிஸ்க்கில் இருப்பது என்ன என்று ஆராய்வதில்லை. காந்தத் திசை எந்தெந்தக் கணத்தில் மாறுகிறது என்பதை மட்டும் பதிவுசெய்து கொடுக்கின்றன. அதிலிருந்து தரவை மீட்டெடுக்கும் வேலையைக் கணினியில் உள்ள மென்பொருள் செய்கிறது. சுழற்சி வேகம் மாறும் மெக்கின்டாஷ் டிஸ்க்கையும் சாதாரண டிரைவில் படிக்க முடிவது இதனால்தான். உங்கள் 5.25 அங்குல டிஸ்க்குகளுக்கும் இதே வழிதான், அவற்றுக்கான டிரைவ் கிடைத்தால். அந்த டிரைவுக்கு 5 வோல்ட்டுடன் 12 வோல்ட்டும் தேவைப்படுவதால், யுஎஸ்பி தரும் மின்சாரம் போதாது. தனி மின்வழங்கி வேண்டும்.

படிப்பதற்கு முன் எழுதுதடையை இட்டுவிடுங்கள். 3.5 அங்குல டிஸ்க்கில் மூலையிலுள்ள துளை திறந்திருந்தால் எழுத முடியாது, 5.25 அங்குல டிஸ்க்கிலோ நேர்மாறாக, ஓரத்திலுள்ள வெட்டை ஒட்டி மூடினால்தான் எழுத முடியாது. இந்த முரண்பாட்டில் தடுமாறாதவர்கள் குறைவு. டிஸ்க்கின் பரப்பில் பூஞ்சை தெரிந்தால் அதை டிரைவில் செருகாதீர்கள். அது டிரைவின் ஹெட்டில் (டிஸ்க்கைப் படிக்கும் முனையில்) ஒட்டிக்கொண்டு, அடுத்து வரும் நல்ல டிஸ்க்குகளையும் கீறிவிடும்.

கேள்வி: பேரலல் போர்ட்டில் இணையும் 100 எம்பி ஜிப் டிரைவை, பிரின்டருக்கான யுஎஸ்பி கேபிள் வழியாக இணைத்தேன். கணினி அதைக் கண்டுகொள்ளவே இல்லை. ஏன்?

பதில்: அந்தக் கேபிளுக்குப் பிரின்டருக்குத் தரவு அனுப்ப மட்டுமே தெரியும், பேரலல் போர்ட்டை நேரடியாகக் கையாண்டு வேலை செய்யும் ஜிப் டிரைவுக்கு அது உதவாது. யுஎஸ்பி வகை ஜிப் டிரைவ் ஒன்றைத் தேடுவதே மேல். 250 எம்பி டிரைவும் உங்கள் டிஸ்க்குகளைப் படிக்கும். ஜிப் டிரைவ்களில் ஸ்கசி (மற்றொரு பழைய இணைப்பு முறை) வகைக்கும் பேரலல் வகைக்கு உள்ள அதே 25 ஊசி இணைப்பியே உண்டு என்பதால், வாங்குமுன் பின்புறம் எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள். டிரைவ் விடாமல் ‘டிக் டிக்’ என்று ஒலித்தால், அதில் வேறெந்த டிஸ்க்கையும் போட்டுச் சோதிக்காதீர்கள்.

கேள்வி: 1990களின் தொடக்கத்தைச் சேர்ந்த 340 எம்பி ஐடிஇ (பழைய கணினிகளின் இணைப்பு வகை) ஹார்டு டிஸ்க்கை யுஎஸ்பி அடாப்டரில் இணைத்தேன். சுழலும் சத்தம் கேட்கிறது. ஆனால் கணினியில் அளவு பூஜ்ஜியம் என்று காட்டுகிறது.

பதில்: முதலில் ஜம்பரை, அதாவது டிஸ்க்கின் நிலையைத் தீர்மானிக்கும் சிறு செருகியைப் பாருங்கள். டிஸ்க் ‘ஸ்லேவ்’ நிலையில் இருந்தால் பல அடாப்டர்களுக்கு அது தென்படாது; ‘மாஸ்டர்’ நிலைக்கு மாற்றுங்கள். அதுவும் பயன்தராவிட்டால், காரணம் பெரும்பாலும் டிஸ்க்கின் வயதாகவே இருக்கும். இன்றைய அடாப்டர்கள் செக்டர்களை எல்பிஏ முறையில், அதாவது முதலிலிருந்து தொடர்ச்சியாக எண்ணிக் கேட்கின்றன. ஏறத்தாழ 500 எம்பிக்குக் குறைந்த அக்கால டிஸ்க்குகள் பலவற்றுக்கு சிலிண்டர், ஹெட், செக்டர் என்ற மூன்று எண்களால் இடத்தைக் குறிக்கும் முறை மட்டுமே தெரியும். ஆகவே, தாய்ப்பலகையிலேயே ஐடிஇ இணைப்பி உள்ள பழைய கணினி ஒன்றைத் தேடி, டிஸ்க்கின் மேல் அச்சிட்டிருக்கும் அம்மூன்று எண்களையும் பயாஸில் (கணினியின் தொடக்க அமைப்புத் திரையில்) நீங்களே உள்ளிட்டு, லினக்ஸில் இயக்கிப் பாருங்கள்.

டிஸ்க் தெரிந்தவுடன் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க ஆசை வரும். அதை அடக்கிக்கொண்டு, டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருளால் முழு டிஸ்க்கையும் ஒரே இமேஜ் கோப்பாக எடுத்துவிடுங்கள். எளிதில் படிக்க முடிகிற பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, முரண்டு பிடிக்கும் பகுதிகளுக்குப் பின்னர் திரும்பி வருவது அதன் வழக்கம். இத்தனை வயதான டிஸ்க் அடுத்த முறை சுழலும் என்று நம்பியிருக்க முடியாது என்பதால், அந்த வரிசை முக்கியம்.

உங்களிடம் இதைவிடப் பழைய ஹார்டு டிஸ்க்கும் இருந்து, அதன் பின்புறம் 34 முனை, 20 முனை என இரண்டு தரவு இணைப்புகள் தெரிந்தால், அது ஐடிஇ வகையன்று; 1980இல் 5 எம்பி அளவில் வெளிவந்த எஸ்டி-506 என்ற ஹார்டு டிஸ்க்கின் வழிவந்தது. அதற்கு எந்த யுஎஸ்பி அடாப்டரும் பொருந்தாது. தரவை எழுதும் முறையைத் தீர்மானித்தது டிஸ்க் அன்று, கணினிக்குள் இருந்த கன்ட்ரோலர் கார்டு. எனவே, அந்தக் கார்டைக் கழற்றி டிஸ்க்கோடு சேர்த்தே பத்திரப்படுத்துங்கள்.