அசல் இருக்கும்போது

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிளாக் சாபத் என்ற ஆங்கில ஹெவி மெட்டல் இசைக்குழுவைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அவர்களுடைய முதல் நான்கு ஆல்பங்களை ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்புறம் ‘நேட்டிவிட்டி இன் பிளாக்’ என்ற அஞ்சலி ஆல்பம் கண்ணில் பட்டது. பெரிய குழுக்கள் எல்லாம் சாபத் பாடல்களை வாசித்திருக்கிறார்கள். பாதியைக்கூட என்னால் முழுதாகக் கேட்க முடியவில்லை. அசல் இருக்கும்போது இந்த நகல்கள் எதற்கு? பெயரை வைத்துப் பணம் பார்ப்பதைத் தவிர இதில் வேறு ஏதாவது இருக்கிறதா?

க.

அன்புள்ள க.,

1994இல் வந்த ஆல்பம் அது. அதில் பாதி தேறாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மெகாடெத் வாசித்த ‘பாரனாய்ட்’ சுத்தமாக இருக்கிறது, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் முடிந்ததும் கை தானாக 1970ஆம் ஆண்டுப் பதிவைத் தேடுகிறது. ‘அயர்ன் மேன்’ பாட தெரபி குழு சாபத்தின் பாடகர் ஓஸி ஆஸ்பர்னையே கூட்டி வந்திருக்கிறது. அஞ்சலிக்கு உரியவரே வந்து பாடிவிட்டால் மற்றவர்களுக்கு அங்கே என்ன வேலை?

ஆனால் அப்படியே வாசித்தால் ஏன் ஒட்டுவதில்லை என்று யோசித்துப் பாருங்கள். சாபத்தின் கிட்டார் கலைஞர் டோனி அயோமிக்கு அப்போது 17 வயது. பர்மிங்காமில் தகரம் வெட்டும் தொழிற்சாலையில் வேலை. அங்கே அவருக்குக் கடைசி நாள் அது. இயந்திரத்தில் சிக்கி வலது கையின் நடுவிரலும் மோதிர விரலும் நுனி இழந்தன. அவர் இடதுகைப் பழக்கம் உள்ளவர், தந்தியை அழுத்துவது அந்த வலது கைதான். இரண்டு விரல்களால் கிட்டார் வாசித்த ஜாஸ் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டைத் தொழிற்சாலை மேற்பார்வையாளர் கொண்டுவந்து கொடுத்துக் கேட்கச் சொன்னார். அயோமி பாத்திரம் கழுவும் திரவம் வரும் பிளாஸ்டிக் புட்டியை உருக்கி, விரலுக்குத் தொப்பி செய்து, பழைய ஜாக்கெட்டின் தோலை வெட்டி அதன்மேல் ஒட்டிக்கொண்டார். கனத்த தந்தி வலித்ததால் பான்ஜோவின் மெல்லிய தந்திகளைப் போட்டார். 1971இல் ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’க்கு வரும்போது தந்திகளை இன்னும் தளர்த்தி, சுருதியை ஒன்றரைப் படி இறக்கிவிட்டார். நாம் கேட்கிற அந்தக் கனமான, தொங்குகிற ஓசையில் அந்தக் காயத்துக்கும் பங்கு உண்டு. விரல் பத்தும் முழுதாக இருக்கிறவர் அதை அச்சு அசலாக வாசித்தால் சுரம் வரும், அவ்வளவுதான்.

அதே ஆல்பத்தில் டைப் ஓ நெகட்டிவ் குழு வாசித்த, ‘பிளாக் சாபத்’ என்றே பெயர் கொண்ட பாட்டை இன்னொரு முறை கேளுங்கள். மூலத்தில் ஓஸி, கறுப்பாக ஏதோ ஒன்று எதிரே வந்து நிற்கப் பார்த்து மிரண்டவர். குரலே நடுங்கும். டைப் ஓ நெகட்டிவ் பாடகர் பீட்டர் ஸ்டீல் அதே வரிகளை அடிவயிற்றிலிருந்து பாடும்போது, எதிரே நிற்கும் அந்த உருவமே பேசுவது போல இருக்கிறது. பாட்டு ஆள் மாறிவிட்டது!

இனி அந்த ஆல்பத்தை விட்டு வெளியே வாருங்கள். ஸ்வீடனின் கார்டிகன்ஸ் குழு 1996இல் ‘அயர்ன் மேன்’ பாடலைத் தாலாட்டு மாதிரி பாடியது. எனக்குப் பிடிக்கும், உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். நான் முக்கியமாகச் சொல்ல வந்தது சார்லஸ் பிராட்லியை.

‘வால்யூம் 4’ (1972) ஆல்பத்தில் ‘சேஞ்சஸ்’ என்று ஒரு பாட்டு இருக்கிறதே, கிட்டாரும் டிரம்ஸும் இல்லாமல் அயோமி பியானோ வாசித்தது. டிரம்மர் பில் வார்டின் மண வாழ்க்கை உடைந்துகொண்டிருந்தபோது குழுவின் பாஸ் கிட்டார் கலைஞர் கீசர் பட்லர் எழுதிய வரிகள். பிராட்லி ஓர் அமெரிக்க ஸோல் (கறுப்பின மக்களின் உருக்கமான இசை) பாடகர். பல வருடம் புரூக்ளின் கிளப்புகளில் ‘பிளாக் வெல்வெட்’ என்ற பெயரில் புகழ்பெற்ற ஸோல் பாடகர் ஜேம்ஸ் பிரவுன் போல வேடமிட்டுப் பாடிப் பிழைத்தவர். சொந்தப் பெயரில் முதல் ஆல்பம் வெளிவந்தது 2011இல், 62 வயதில். நகல் என்றால் என்ன என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? அப்படிப்பட்டவர் இந்தப் பாட்டை எடுத்து, பிரிந்துபோன மனைவிக்குப் பதிலாகத் தன் அம்மாவை உள்ளே வைத்துவிட்டார். குழந்தையாக இருக்கும்போது அவரைப் பாட்டியிடம் விட்டுவிட்டுப் போன அம்மா. 2014இல் அவரும் இறந்துபோனார். 2016இல் இந்தப் பாட்டின் பெயரிலேயே பிராட்லியின் ஆல்பம் வந்தது. பாட்டின் வீடியோவில் கேமரா அவர் முகத்தை விட்டு நகராது. அவர் வாயசைத்துப் பாடுவதும் இல்லை. தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், கண் நிறைகிறது. அந்த வீடியோவை என்னால் இன்றுவரை ஒருமுறைகூட பாதியில் நிறுத்த முடிந்ததில்லை. அடுத்த வருடம் பிராட்லியும் போய்விட்டார்.

பணம் பார்க்க வந்த அஞ்சலி ஆல்பங்கள் நிறைய உண்டு, அவற்றை நீங்கள் ஒதுக்குவது சரிதான். இதை மட்டும் ஒதுக்காதீர்கள். முதலில் சாபத்தின் ‘சேஞ்சஸ்’, உடனே பிராட்லி. நடுவில் வேறு எதையும் போட வேண்டாம். கேட்டுவிட்டு எழுதுங்கள்.