வேர் நுனியை வெட்டிப் பார்த்தவர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வேர் தண்ணீரைத் தேடித்தான் கீழே போகிறது என்று என் மகளிடம் சொன்னேன். "ஈரம் மேலே இருந்தால்?" என்று கேட்டாள். விழித்தேன். வேர் நுனிதான் செடியின் மூளை என்று ஒரு காணொளியில் பார்த்தேன். உண்மையா? விண்வெளியில் வேர் எந்தப் பக்கம் போகும்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மகளுக்கு என் அன்பு. திட்டு உங்களுக்குத்தான். இப்படிக் கேட்கிற பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டு பதிலுக்குக் காணொளியிடம் போனீர்களே!

ஈரத்தை நோக்கியும் வேர் வளையும், அது வேறு கதை. கீழே இழுப்பது புவியீர்ப்புதான். 1806இலேயே தாமஸ் ஆண்ட்ரூ நைட் என்ற ஆங்கிலேயத் தாவர ஆய்வாளர் சுழலும் சக்கரத்தில் விதைகளைக் கட்டி முளைக்கவிட்டார். வேர்கள் வெளிப்பக்கம் ஓடின, தண்டுகள் அச்சை நோக்கி வந்தன. சுழற்சி வெளியே தள்ளிய திசையே வேர்களுக்குக் 'கீழே' ஆகிவிட்டது. சரி, மூளைக்கு வருகிறேன். எனக்கு வெகுநாள் எரிச்சல் இது.

டார்வினும் மகன் பிரான்சிஸும் 1880இல் வெளியிட்ட நூலின் முடிவில் வேர் நுனியை மூளையோடு ஒப்பிட்டது உண்மை. எல்லாரும் அதை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். அதற்கு முந்தைய நூற்றுக்கணக்கான பக்கங்களை யார் புரட்டுகிறார்கள்? நுனியைத் துளி வெட்டிவிட்டு வேரைப் படுக்க வைத்தார்கள். வேர் வளர்ந்தது, ஆனால் நேராகவே போனது. புது நுனி முளைத்த பிறகுதான் கீழே வளைந்தது. அப்புறம் செய்ததைப் பாருங்கள்: முழு வேரை ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் படுக்க வைத்து, பிறகு நுனியை வெட்டி நேர் கீழே பார்க்கும்படி நிறுத்தி வைத்தார்கள். நுனியே இல்லாத வேர் வளைந்தது! வெட்டுவதற்குள் சேதி போய்விட்டிருக்கிறது.

அது எந்தச் சேதி என்பது பின்னால்தான் தெரிந்தது. வேர் நுனியைத் தொப்பி மாதிரி மூடியிருக்கும் வேர்மூடியின் நடுச் செல்களில் கனத்த ஸ்டார்ச் மணிகள் இருக்கின்றன. வேரைச் சாய்த்தால் தண்ணீரில் போட்ட மணல் மாதிரி அவை கீழ்ப்பக்கச் சுவரில் போய்ப் படியும். உடனே ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோனும் அந்தப் பக்கம் கூடுதலாக ஓடும். வேரில் ஆக்சின் கூடினால் செல்கள் நீள்வது மட்டுப்படும். மேல்பக்கம் மட்டும் நீள, வேர் கீழே வளைகிறது. அதுவும் நுனியிலேயே அல்ல, சற்றுப் பின்னால். உணர்வது ஓரிடம், வளைவது வேறிடம், நடுவே ஒரு ஹார்மோன். இவ்வளவு நேர்த்தியான ஏற்பாட்டை 'மூளை' என்று சொல்லி ஏன் மூடுகிறீர்கள்?

விண்வெளியில் அந்த மணிகள் போய்ப் படிய 'கீழே' என்று ஒன்று கிடையாது. மிச்சத்தை மகளே ஊகிப்பாள்.

ஈரத் தாளில் சில பயறுகளை முளைக்கவிட்டு, வேர் படுத்திருக்கும்படி வைத்து, மறுநாள் அவளைப் பார்க்கச் சொல்லுங்கள். நுனியை வெட்டியும் பார்க்கலாம். பிளேடு மட்டும் உங்கள் கையில் இருக்கட்டும்.