காரின் பிரேக் லைனில் புகுந்த காற்றை வீட்டிலேயே எடுக்க முடியுமா?

பின் சக்கரத்தின் வீல் சிலிண்டர் (சக்கரத்தில் இருந்து பிரேக்கைத் தள்ளுகிற சிலிண்டர்) மாற்றியதிலிருந்து பெடல் பொதபொதவென்று இறங்குகிறது, ஏர் எடுக்கும் வேலையை வாசலிலேயே பார்த்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் பார்க்கலாம். கோபிசெட்டிபாளையம் பக்கம் எங்கள் வீட்டில் நிற்கும் பழைய காருக்கு நான்தான் எடுக்கிறேன்.

முதலில் அது காற்றுதானா என்று பாருங்கள். கிணற்று மோட்டார் ஏர் வாங்கினால் என்ன ஆகும் என்று நம் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஓடும், தண்ணீர் மட்டும் வராது. பிரேக்கிலும் கிட்டத்தட்ட அந்தக் கதைதான். ஆயில் அமுங்காது, காற்று அமுங்கும். நீங்கள் மிதிக்கிற பலம் காற்றை அமுக்குவதிலேயே செலவாகிவிடுகிறது. அதனால் பெடல் ஸ்பிரிங் போலத் துள்ளும், நாலைந்து முறை மிதித்தால் கொஞ்சம் மேலே ஏறும். ஆனால் இரண்டாவது மிதியிலேயே துள்ளல் இல்லாமல் உயரத்தில் கெட்டியாக நின்றால், பின் டிரம்மில் ஷூ (டிரம்மை உள்ளிருந்து உரசி நிறுத்தும் கட்டை) இடைவெளி அதிகம். அதை அட்ஜஸ்ட் செய்தாலே போதும். அழுத்திப் பிடித்திருக்கும்போதே பெடல் மெல்ல மெல்லக் கீழே போய், வெளியே எங்கும் கசிவும் இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளுகிற சிலிண்டர்) ரப்பர் வாஷர் போயிருக்கும். அதற்கு எத்தனை முறை ஏர் எடுத்தாலும் பிரயோஜனமில்லை. உங்கள் விஷயத்தில் லைனைத் திறந்து பூட்டியிருப்பதால் காற்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

நிப்பிளுக்கு (காற்றும் ஆயிலும் வெளியே வர ஒவ்வொரு சக்கரத்தின் பிரேக்கிலும் இருக்கும் சின்னத் திருகு) சரியான அளவு ரிங் ஸ்பேனர் (பெரும்பாலும் 8 அல்லது 10 மிமீ), உள்ளே ஓடுவது தெரிகிற மாதிரி ஒரு டியூப், ஒரு பாட்டில், சீல் உடைக்காத புது பிரேக் ஆயில். இவ்வளவுதான் சாமான். வண்டியின் பிரேக் ஆயில் டேங்க் மூடியில் டாட் 3, டாட் 4 என்று எந்தத் தரம் போட்டிருக்கிறதோ அதையே வாங்குங்கள். அவசரத்துக்கு இன்ஜின் ஆயிலையோ பவர் ஸ்டீயரிங் ஆயிலையோ ஊற்றினால் உள்ளே இருக்கிற ரப்பரெல்லாம் உப்பி வீணாகிவிடும். வண்டி சமதளத்தில், இன்ஜின் அணைத்து நிற்கட்டும். தூக்கினால் சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்து, ஜாக்கியோடு ஸ்டாண்டும் வையுங்கள்.

அப்புறம், பெடலில் உட்கார ஓர் ஆள். வேலை கெடுவது பெரும்பாலும் இங்கேதான். ஸ்பேனர் பிடிப்பவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், உள்ளே இருப்பவர் நிப்பிள் மூடும் முன் காலை எடுத்துவிட்டால் வெளியே போன காற்று அப்படியே திரும்ப உள்ளே ஏறிவிடும். எங்கள் வீட்டில் மனைவியின் தம்பிதான் பெடலுக்கு. "மிதி மாப்ள" என்றால் மிதிப்பான். "பிடிச்சிருக்கேனுங்க மாமா" என்று குரல் வந்த பிறகே நிப்பிளைக் கால் சுற்று திறப்பேன். பெடல் இறங்கும், டியூபில் குமிழி வரும், மூடுவேன். "விடு" என்று நான் சொல்கிறவரை கால் நகரக் கூடாது. செல்போனை வெளியே வாங்கி வைத்துவிட்டு உட்கார வைப்பது நல்லது.

டியூபின் ஒரு முனையை நிப்பிளில் மாட்டுங்கள், மறுமுனை பாட்டிலில் உள்ள ஆயிலுக்குள் முங்கியே இருக்கட்டும். பழைய வண்டி என்றால் பெடலுக்கு அடியில் ஒரு கட்டையைப் போடுங்கள். தினமும் போகாத ஆழத்துக்கு பிஸ்டன் போனால், அங்கே படிந்திருக்கும் துருவில் மாஸ்டர் சிலிண்டர் வாஷர் கிழிய இடமுண்டு. நாலைந்து மிதிக்கு ஒருமுறை டேங்கைப் பார்த்து ஆயில் ஊற்றுங்கள். அது வற்றிவிட்டால் மேலிருந்தே காற்று இறங்கும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். நிப்பிள் துருப்பிடித்து இறுகியிருந்தால் முறுக்கி உடைக்காமல், துரு நீக்கும் ஸ்பிரே அடித்து ஊற விடுங்கள்.

எந்தச் சக்கரத்தில் முதலில் எடுப்பது என்ற வரிசை வண்டிக்கு வண்டி மாறும், மேனுவல் சொல்வதே கணக்கு. அது கையில் இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்திலிருந்து கிட்டே வருவது பழைய வழக்கம். நம் வண்டிகளில் மாஸ்டர் சிலிண்டர் பொதுவாக ஓட்டுநர் பக்கம் இருப்பதால் பின் இடதில் தொடங்கலாம். ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) உள்ள வண்டியில் டேங்க் வற்றிப்போய் ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று ஏறியிருந்தால், பல மாடல்களில் ஸ்கேனர் மாட்டித்தான் எடுக்க முடியும். அங்கே வீட்டு வைத்தியம் வேண்டாம், ஒர்க்‌ஷாப்புக்கே போங்கள்.

பெயின்டில் ஆயில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்; விட்டால் பெயின்டை உரித்துவிடும். முடிந்ததும் இன்ஜினை ஓட விட்டு நன்றாக அழுத்திப் பிடித்து, எல்லா நிப்பிளிலும் கசிவு பாருங்கள். பிறகு ஆளில்லாத தெருவில் மெதுவாக ஓட்டி நிறுத்திப் பாருங்கள்.

திம்பம் மலையில் இறங்கும்போது மட்டும் பெடல் உள்ளே போகிறது, அடிவாரத்தில் பண்ணாரி வந்து கொஞ்ச நேரம் நின்றால் சரியாகிவிடுகிறது என்று சிலர் சொல்வார்கள். அங்கே குற்றவாளி பெரும்பாலும் பழைய ஆயில். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 3 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி. ஈரம் ஏறியதற்கு 140 டிகிரி இருந்தாலே அந்தத் தரத்துக்குப் போதும். 27 கொண்டை ஊசி வளைவையும் பிரேக்கிலேயே இறக்கினால் ஆயில் கொதித்து உள்ளேயே ஆவியாகும், ஆறியதும் திரும்ப ஆயிலாகிவிடும். அப்படிப்பட்ட வண்டியில் குமிழி நின்றதோடு நிறுத்தாமல், நான்கு சக்கரத்திலும் டியூபில் புது ஆயில் தெளிவாக வரும்வரை வடித்துவிடுங்கள். இறக்கத்தில் இரண்டாவது கியரிலேயே வாருங்கள்.