ஈரலில கொழுப்பு: கேட்டதும் சொன்னதும்

கேள்வி (மானிப்பாய்): டொக்டர், ஸ்கானில "ஈரலில கொழுப்பு" எண்டு வந்திருக்கு. நான் பொரிச்சது தொடுறதில்லை, இறைச்சியும் இல்லை. பிறகெப்பிடி?

பதில்: கன பேர் கேக்கிற கேள்வி. காலமை பாண், பத்து மணிக்குச் சீனித் தேத்தண்ணி, மத்தியானம் கோப்பை நிறையச் சோறு, இரவு புட்டு. எண்ணெய் குறைவுதான், ஆனா இதெல்லாம் மாச்சத்தும் சீனியும். அதை ஈரல் கிளைக்கோஜனா (சேமிப்பு மாச்சத்தா) வைக்கிறது சுமார் 100 கிராம்தான். மிஞ்சினதில ஒரு பங்கை, இன்சுலின் தூண்ட, ஈரல் கொழுப்பமிலமா (கொழுப்பின்ர அடிப்படைக் கூறா) மாத்தும்.

அதைவிடப் பெரிய வரத்து உடம்பில ஏற்கெனவே சேர்ந்திருக்கிற கொழுப்பு. சாப்பிட்ட உடன இன்சுலின் அந்தக் கொழுப்பு வெளிய வாற கதவைப் பூட்டவேணும். உடம்பு இன்சுலினுக்கு மசியாட்டி பூட்டு விழாது. கொழுப்பமிலம் இரத்தத்தால ஈரலுக்குப் போய்க்கொண்டே இருக்கும். 2005இல அமெரிக்காவில ஈரல் கொழுப்பு நோயாளர்களின்ர ஈரலில பாத்தபோது, கொழுப்பில 59 வீதம் இப்பிடி இரத்தத்தால வந்தது, 26 வீதம் ஈரல் தானே செய்தது, சாப்பாட்டுக் கொழுப்பு 15 வீதம்தான். இன்னொரு கூத்து: குளுக்கோஸ் விடாதை எண்டு இன்சுலின் சொன்னா ஈரல் கேளாது, கொழுப்புச் செய் எண்டா மட்டும் கேக்கும்!

கேள்வி (சாவகச்சேரி): தம்பி, நான் சீனியை விட்டிட்டுப் பனங்கட்டிதான் கடிக்கிறன். நல்லம்தானே?

பதில்: அம்மா, பனங்கட்டியிலயும் பெரும்பாலும் சுக்குரோஸ்தான், அதில பாதி புரக்டோஸ். குளுக்கோஸைத் தசையும் மூளையும் பங்குபோடும். புரக்டோஸ் கூடினா பெரும்பங்கு ஈரலின்ர தலையிலதான், அங்க அதை மட்டுப்படுத்த ஆளில்லை. வெறுந்தேத்தண்ணிக்கு ஒரு சின்னத் துண்டு கடியுங்கோ. ரெண்டு நாளில ஒரு குட்டான் (ஓலைப்பெட்டி) பனங்கட்டி முடியிற வீடுகளும் எனக்குத் தெரியும்.

கேள்வி (கொக்குவில்): நல்லூர்த் திருவிழா 25 நாளும் சைவம். ஈரல் ஆறும்தானே?

பதில்: மீனை நிப்பாட்டி மோதகத்தையும் சர்க்கரைப் புக்கையையும் கூட்டினா ஆறாது.

கேள்வி (பருத்தித்துறை): எவ்வளவு மெலியவேணும், அண்ணை?

பதில்: 80 கிலோ எண்டா 4 கிலோ குறையவே ஈரல் கொழுப்பு இறங்கும். 6 முதல் 8 கிலோ போனா அழற்சியும் தணியும். பட்டினி கிடந்து கிடுகிடெண்டு மெலியாதேங்கோ, அது ஈரலுக்குக் கூடாது. சீனியில்லாக் கோப்பி குடிக்கலாம்.

கேள்வி (சுன்னாகம்): ஈரலுக்குப் பாக்கிற இரத்தப் பரிசோதனை எஸ்.ஜி.பி.ரி சரியா இருக்கு. பயமில்லைத்தானே?

பதில்: அது சரியா இருந்தும் தழும்பு பிடிச்ச ஈரல் உண்டு. வயது, ஏ.எஸ்.ரி (இன்னொரு ஈரல் நொதியம்), ஏ.எல்.ரி (எஸ்.ஜி.பி.ரியின்ர மற்றப் பேர்), குருதிச் சிறுதட்டு நாலையும் வைச்சு, ஈரல் தழும்பை மதிக்கிற ஃபிப்-4 கணக்குப் பாக்கச் சொல்லிக் கேளுங்கோ. சலரோகம் இருந்தா பிந்தவேண்டாம்.