ஒரே வரியில் ஒரு புத்தகம்: கேள்வி பதில்

கேள்வி: என் நாவல் எதைப் பற்றியது என்று கேட்டால் பத்து நிமிடம் பேசிவிடுகிறேன். ஒரு வரியில் எப்படிச் சொல்வது?

பதில்: யார், அவருக்கு என்ன வேண்டும், எது குறுக்கே நிற்கிறது, கிடைக்காவிட்டால் எதை இழப்பார். முதலில் இந்த நான்கையும் தனித்தனியாக எழுதிக்கொள்ளுங்கள். பிறகு கோத்துப் பாருங்கள். திரைக்கதை எழுதுபவர்கள் லாக்லைன் என்று சொல்வது இதைத்தான். தமிழில் 15 முதல் 20 சொற்கள் தாராளம். ஆனால் பெயரெச்சங்களை அடுக்காதீர்கள். 'ஊரை விட்டு ஓடிய, தந்தையை வெறுத்த, கடனில் மூழ்கிய' என்று போனால், ஆள் யார் என்று தெரிவதற்குள் கேட்பவர் களைத்துவிடுவார்.

கேள்வி: 'மன்னிப்பின் மகத்துவத்தைச் சொல்லும் நாவல்' என்று எழுதியிருக்கிறேன். போதாதா?

பதில்: போதாது. அது கருத்து, கதை இல்லை. சிலப்பதிகாரத்தின் முன்னுரையான பதிகமே மூன்று கருத்துகளைச் சொல்கிறது: அரசியலில் தவறியவர்க்கு அறமே எமனாகும், பத்தினியை உயர்ந்தோர் போற்றுவர், ஊழ்வினை வந்தே தீரும். நூலைப் படித்து முடித்தவருக்கு இவை கனமான சொற்கள். படிக்காதவரை இழுக்க வேறொன்று வேண்டும்: 'கணவனைக் கள்வன் என்று கொன்ற மன்னனிடம், ஒற்றைச் சிலம்பைச் சான்றாக ஏந்தி நீதி கேட்கப் போகிறாள் ஒரு பெண்.' இதில் அறம், கற்பு, ஊழ் என்ற சொற்களே இல்லை. ஆனாலும் மூன்றும் உள்ளே இருக்கின்றன. உங்கள் நாவலில் யார் யாரை மன்னிக்க வேண்டும்? ஏன் முடியவில்லை? அதை எழுதுங்கள்.

கேள்வி: கதாபாத்திரத்தின் பெயர் வேண்டுமா?

பதில்: வரலாற்று மனிதர் என்றால் வேண்டும். மற்றபடி, முன்பின் தெரியாத பெயர் கேட்பவருக்கு எதுவும் சொல்லாது. 'எழுதப் படிக்கத் தெரியாததை மறைத்து வாழும் தபால்காரர்' என்றால் சிக்கல் அந்த ஆளுக்குள்ளேயே தெரிகிறது. 'விறுவிறுப்பான', 'நெஞ்சை உருக்கும்' போன்ற அடைமொழிகளை எடுத்துவிடுங்கள். அது வாசகர் சொல்ல வேண்டியது.

கேள்வி: முடிவைச் சொல்லலாமா?

பதில்: வேண்டாம். பதிப்பாளர் முழுக் கதைச்சுருக்கம் கேட்டால் அதில் முடிவு கட்டாயம் இருக்கட்டும். இந்த வரியில் கதையின் முதல் கால்பகுதியைத் தாண்டாமல் இருப்பது நல்லது.

கேள்வி: என்னுடையது சிறுகதைத் தொகுப்பு. இது பொருந்துமா?

பதில்: எல்லாக் கதைகளையும் ஒரே வரிக்குள் திணிக்காதீர்கள். அந்த மனிதர்களுக்குப் பொதுவான நெருக்கடி ஒன்று இருந்தால் அதைச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஆக வலுவான கதையின் வரி போதும்.

கேள்வி: கட்டுரை நூலுக்கு?

பதில்: அங்கே நாயகன் கேள்விதான். 'தூக்கம் பற்றிய நூல்' என்பது தலைப்பு மட்டுமே. 'படுத்தவுடன் தூங்க முடியாமல் போவதற்குப் பகலில் நாம் செய்யும் எவையெல்லாம் காரணம்?' என்றால், படிப்பவர் தன்னையே அதில் பார்ப்பார்.

கேள்வி: வரி சரியாக வந்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: புத்தகத்தைப் படிக்காத ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், விளக்கம் எதுவும் சேர்க்காமல். 'அப்புறம்?' என்று கேட்டால் வரியைத் தொடாதீர்கள். 'யாரு? எதுக்கு?' என்று கேட்டால் திருத்துங்கள். எத்தனை முறை திருத்தியும் குறுக்கே நிற்பது எது என்று உங்களாலேயே சொல்ல முடியவில்லை என்றால், வரியை விட்டுவிட்டு நாவலின் கைப்பிரதிக்குத் திரும்புங்கள். பெரும்பாலும் ஓட்டை அங்கேதான் இருக்கும்.